எங்க ஊர்ல மட்டும் கைதட்டல

பஸ்ஸுல எடம் கம்மி, பைய மடியில எடுத்து வச்சுக்கிறேன், நீ நல்லா சாஞ்சு உக்காரு தாயி. இல்ல இல்ல, கனமெல்லாம் இல்ல. ஒரு வேட்டி, ஒரு தலப்பாத் துண்டு, ஒரு சோடிச் சலங்க. ஆமா, ஆட்டச் சலங்கதான். என்ன அப்பிடி மேலயும் கீழயும் பாக்குற? இந்தப் பனமர உசரத்துக்கும் இந்தக் கட்டக்குரலுக்கும் இவ எங்க ஆடுறதுன்னா? ஆடுனேன் தாயி. ஒரு வருசமா ஆடுனேன். இன்னைக்குத்தான் இதையெல்லாம் ஆபீஸ்ல ஒப்படச்சிட்டு, “கால்வலி மேடம், இனிமே வரமுடியாது”ன்னு சொல்லிட்டு வரப்போறேன்.

காலுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. அப்பிடிச் சொல்லணும்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிவிட்டிருக்காக. நேத்தெல்லாம் உக்காத்தி வச்சு சொல்லச் சொல்லிக் கேட்டாக. நான் சொல்றப்ப முழி திருதிருன்னு முழிக்குதாம்.

அத விடு. நீ ஒரு நாயத்தச் சொல்லு எனக்கு. படிச்ச புள்ளையாட்டம் இருக்க. ஒருத்தி ஊரூராப் போயி ஆடுறா. போன எடமெல்லாம் கைதட்டுறாக, விசிலடிக்கிறாக. இளையான்குடிப் பக்கம் ஒரு ஊர்ல கெழவிக எந்திரிச்சு வந்து கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சாளுக. கடைசியில அவ வாக்கப்பட்ட ஊர்லயே வந்து ஆடுறா. இருவது வருசத்துக்கு மேல ஒரே குழாயில தண்ணி புடிச்ச சனம். அந்த ஊர்ல ஒரு கை தட்டல. ஒரு கை தட்டல தாயி! குத்துக்கல்லு கணக்கா உக்காந்திருந்தாக. இது அடுக்குமா?

எனக்கு நெஞ்சு ஆறல. யாருகிட்டயாவது கேட்டுப்புடணும்னுதான் இருந்தேன், நீ வந்து மாட்டுன.

என்ன ஆட்டம்னா, ஒயிலாட்டம். தலப்பா கட்டி, கையில துண்டு புடிச்சு, வரிசையா நின்னு ஆடுறது. முந்தி அது ஆம்பளைக ஆட்டம், இப்ப நாங்களும் ஆடுறோம். ஆனா நாங்க ஆடுறது சாமி கதை இல்ல. வீட்டுல பொம்பளைகளப் போட்டு அடிக்கிறாகள்ல, அது தப்பு, அடிபட்டவ வெளிய சொல்லணும், அக்கம்பக்கத்துல இருக்கவுக போயிக் கேக்கணும்னு சொல்ற ஆட்டம். டவுன்ல பொம்பளைகளுக்குன்னு ஒரு தொண்டு ஆபீஸு இருக்கு, அங்கருந்து மேடம் வேன்ல ஏத்திட்டுப் போவாங்க. மொத ஒயிலு, முடிக்கையில கும்மி, நடுவுல ஒரு வீடு வரும். புருசன், பொண்டாட்டி. ஜெசிந்தான்னு ஒரு சின்னப்புள்ள இருக்கு, அது பொண்டாட்டி. நான்தான் புருசன்.

மேடம் மொத நாளே சொல்லிட்டாங்க, “ராக்கு, உன் உசரத்துக்கு நீதான் புருசன்”னு. எம் பேரு முத்துராக்கு. எனக்குக் கூச்சமாப் போச்சு. வீட்டுக்கு வந்து அவுககிட்டச் சொன்னா, விழுந்து விழுந்து சிரிச்சாக. “நீயி புருசனா? எங்க, அதட்டிக் காட்டு பாப்பம்”னாக. நான் அதட்டுனேன். சிரிப்ப நிறுத்திட்டு, “போதும், போயி சோத்தப் போடு”ன்னாக.

பீட்டர் மாஸ்டர்னு ஒருத்தர் வந்து ஆட்டம் பழக்குனாரு. நல்ல மனுசன். அடிக்கிற எடம் வந்தப்ப, “அக்கா, அடிக்கையில அவ மூஞ்சிய நேராப் பாத்து அடிங்க”ன்னாரு. நான், “இல்ல மாஸ்டர், அடிக்கையில மூஞ்சியப் பாக்கமாட்டாக. வாசக்கதவத்தான் பாப்பாக, சாத்தியிருக்கான்னு”ன்னேன். “உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?”னாரு. “சினிமாவுல பாத்தேன்”னேன். நான் எங்க சினிமாவுக்குப் போனேன், கொட்டகை வாசல மிதிச்சே பல காலமாச்சு. ஏதோ வாயில வந்துச்சு, சொன்னேன்.

இங்க பாரு, நீ தப்பா நெனச்சுக்கிறாத. எங்க வீட்டுல அப்பிடியெல்லாம் கெடையாது. ஜெசிந்தா தெருவுல ஒருத்தன் குடிச்சுப்புட்டு வெறகுக்கட்டையில அடிக்கிறானாம். அதுதான் அடி. அவனெல்லாம் மனுசனா? எங்க வீட்டுக்காரவுக ஒரு சொட்டு குடிக்கமாட்டாக. வெத்தில கூடப் போடமாட்டாக. கோவம் வரும். ஆம்பளைக்குக் கோவம் வராம இருக்குமா? வந்தாலும் நெதானம் தப்பாது. மொத கைக்கடியாரத்தக் கழட்டி சன்னல்ல வச்சிருவாக. சங்கிலிக் கடியாரம், பட்டா கீறிப்புடும்ல. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுவாக. அப்பறந்தான். எத்தன பேருக்கு அந்த எண்ணம் வரும் சொல்லு. பாசம் இல்லாமயா?

அதத்தான் ஆட்டத்துலயும் வச்சேன். கடியாரத்தக் கழட்டுறது, சட்டைய மாட்டுறது, எல்லாம் வெறுங்கைச் சாடையிலதான். மாஸ்டர் சொல்லிக்குடுக்கல, தானா வந்துச்சு. மேடம் அசந்துபோயிட்டாங்க. “எவ்வளவு நுணுக்கமா செய்யிற ராக்கு, நீ பொறவி நடிகை”ன்னாங்க. ஜெசிந்தாப் புள்ளதான், “அக்கா, நீங்க சட்டைய ஆணியில மாட்டுற வரைக்கும் ஒண்ணுமில்ல. மாட்டிட்டுத் திரும்புவீங்கள்ல, அப்ப எனக்கு நெசமாவே மூத்திரம் வந்துருதுக்கா”ன்னு சொல்லும். நான் சிரிப்பேன். எனக்கும் அந்த எடத்துல அப்பிடித்தான்னு அதுகிட்டச் சொல்ல முடியுமா?

ஆடுறது நல்லாருக்குமானா கேக்குற? அடியே, சொன்னா நம்பமாட்ட. தப்பு மேளச் சத்தம் எறங்குச்சுன்னா எனக்கு எந்த நெனப்பும் இருக்காது. ஆடி முடிச்சுத் தலப்பாவக் கழட்டுறப்ப தலையில காத்துப் படும் பாரு, குளுகுளுன்னு இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு யாரையும் பயம் கெடையாது. எமனே வந்து நின்னாலும் “என்னடா”ம்பேன். சந்தோசம்னு சொல்லுவாகளே, அது அதுதான்னு நெனக்கிறேன். எனக்கு வேற எதுவும் தெரியாது.

இந்த ஆட்டத்துக்கு எப்பிடி விட்டாகன்னு கேளு. எங்களுது மைக்செட்டுக் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடைன்னு சுத்துப்பட்டி பூராவும் எங்க ஸ்பீக்கர் குழாய்தான் பாடும். மேடம் வந்து கேட்டப்ப அவுக முடியாதுன்னுட்டாக. அப்பறம், “எல்லா ஊருக்கும் மைக்செட்டு என்னோடதுன்னா அனுப்புறேன்”னாக. மேடமும் சரின்னாங்க. அதனால நான் ஆடுற எடமெல்லாம் அவுகளும் இருப்பாக. மேடைக்கு ஓரத்துல ஆம்பிளிபயரு முன்னாடி உக்காந்திருப்பாக. தனியா அனுப்புறமேன்னு அவுகளுக்கும் கவலை இல்ல, தனியாப் போறமேன்னு எனக்கும் பயம் இல்ல.

மகளிர் தினத்துக்கு மேடத்தோட ஆபீஸ்ல விழா வச்சு அவுகளுக்குப் பொன்னாட போத்துனாங்க தாயி. எனக்கில்ல, அவுகளுக்கு. ‘மனைவியின் திறமையை மதிக்கும் மாமனிதர்’னு ஒரு பெரிய அதிகாரி பேசுனாரு. அவுகளும் மைக்கப் புடிச்சு, “பொம்பளைகள நம்ம கண்ணாட்டம் பாத்துக்கணும்”னு பேசுனாக. கைதட்டு பறந்துச்சு. ஜெசிந்தா என் காதுல, “குடுத்து வச்சவங்கக்கா நீங்க”ன்னுச்சு. ஆமான்னேன். ஆமான்னுதான சொல்லணும்?

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அது சொன்னாத்தான் மத்தது வெளங்கும். ஆட்டத்துல சட்டைய மாட்டிட்டு, அடிக்கிறதுக்கு முன்ன, என் கை தன்னால ஓரமாப் போயி எதையோ திருகும். இந்தா, இப்பிடி. இதையும் யாரும் சொல்லிக்குடுக்கல. ஜெசிந்தா கேட்டுச்சு, “என்னக்கா திருகுறீங்க?”ன்னு. “டீவி சத்தத்தக் கூட்டுறேன்”னேன். மாஸ்டரும், “நல்லாருக்கு, வச்சுக்கங்க”ன்னுட்டாரு. மத்த ஊர்ல அத யாரும் கவனிக்கல.

வீட்டுல முன் ரூம்புதான் எங்களுக்குக் கடை. பாக்ஸு, குழாயி, ஆம்பிளிபயரு எல்லாம் அங்கதான் கெடக்கும். ஏதாச்சும் பேச்சு முத்துச்சுன்னா அவுக போயி அம்மன் பாட்டப் போட்டு வால்யூமத் திருகிருவாக. மானம் பாக்குற மனுசன். நம்ம வீட்டுச் சத்தம் தெருவுக்குப் போகக்கூடாதுன்னு இருப்பாக. எனக்கும் அது சவுரியம். பாட்டு ஓடுற வரைக்கும் வாய்விட்டு அழுதுக்கலாம், ஒரு காக்கா குருவிக்குக் கேக்காது. அந்தப் பாட்டுக்குத் தெருவுல ‘டெஸ்டிங்’னு பேரு. குழாயடியில எதுத்த வீட்டுச் செவனம்மா கேப்பா, “என்ன மதினி, நேத்து ரொம்ப நேரம் டெஸ்டிங்கு போல?”ன்னு. “ஆமாடி, புதுப் பாக்ஸு வந்திருக்குல்ல”ம்பேன். அவ கொடத்தையே பாத்துக்கிட்டு நிப்பா. கொடம் நெறஞ்சு வழியும், அப்பவும் பாத்துக்கிட்டே நிப்பா.

இம்புட்டுதான். இப்ப எங்க ஊரு ஆட்டத்துக்கு வாரேன்.

எங்க ஊர்ல வைக்கணும்னு மேடந்தான் ஒத்தக்கால்ல நின்னாங்க. “உன் சொந்த சனம் பாக்க வேணாமா ராக்கு?”ன்னாங்க. எனக்கும் ஆசதான், பொய் சொல்லுவானேன். அவுகளுக்கு அவ்வளவா இஷ்டமில்ல. ஆனா பொன்னாட போத்துன ஆளுகளாச்சே, முடியாதுன்னு எப்பிடிச் சொல்லுவாக? அம்மன் கோயில் பொட்டல்ல, வெயில் தாழ்ந்ததும் ஆட்டம். ஊரே வந்துருச்சு. செவனம்மா முன்வரிசையில உக்காந்திருந்தா. நான் தலப்பாவோட எறங்குனதும் எல்லாம் சிரிச்சாளுக. “ஏய், ராக்கு மதினியப் பாருடி, மீசையெல்லாம் வச்சிருக்கு”ன்னு ஒரே கூச்சல். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

வீடு வந்துச்சு. ஜெசிந்தா சோறு வச்சுது. நான் தட்டத் தள்ளிவிட்டேன். எந்திரிச்சேன். கடியாரத்தக் கழட்டுனேன். சிரிச்சுக்கிட்டு இருந்த சனம் கொஞ்சம் அமந்துச்சு. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுனேன். இன்னும் அமந்துச்சு. அப்பறம் கை தன்னால ஓரமாப் போச்சு. எப்பவும் அந்தப் பக்கம் சும்மா வெத்தெடமாத்தான் இருக்கும் தாயி. அன்னைக்குப் பாத்து அவுக ஆம்பிளிபயர அந்தப் பக்கம் வச்சிருந்தாக, கரண்டுக்கு அதுதான் தோதுன்னு. நான் திருகுறேன். நேர் எதுக்க அவுக உக்காந்திருக்காக, நெசமான வால்யூமு மேல கைய வச்சுக்கிட்டு.

பொட்டல்ல ஒரு சத்தம் இல்ல. தப்படிக்கிறவுகளே அடியத் தவறவிட்டுட்டாக. செவனம்மா முந்தானைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டா. நான் எப்பிடியோ சமாளிச்சு ஆடி முடிச்சேன். கும்மிப் பாட்டு வந்துச்சு. 

“அடிச்ச கையி நோகலையா, ஏலங்கடி ஏலோ,
அழுத சத்தம் கேக்கலையா, ஏலங்கடி ஏலோ.” 

எல்லா ஊர்லயும் இந்த எடத்துல பொம்பளைக கூடச் சேந்து பாடுவாளுக, கைதட்டுவாளுக. இங்க நாங்கதான் பாடுறோம், நாங்கதான் தட்டுறோம். அவளுக தலையக் குனிஞ்சு மண்ணக் கீறிக்கிட்டு உக்காந்திருக்காளுக.

ஆட்டம் முடிஞ்சதும் மேடம் கேள்வி கேப்பாங்க. “இந்த மாதிரி உங்க ஊர்ல நடக்குதா? நடந்தா என்ன செய்வீங்க?”ன்னு. மத்த ஊர்ல, “இவ வீட்டுல, அவ வீட்டுல”ன்னு ஒருத்திய ஒருத்தி இடிச்சுச் சிரிச்சு, “போயிக் கேப்போம்!”னு கத்துவாளுக. அதுக்கு வயரில்லாத மைக்க எடுத்துக்கிட்டு சனத்துக்குள்ள போறது எங்க வீட்டுக்காரவுக வேல. “தைரியமாப் பேசுங்கம்மா”ன்னு சொல்லி வாய்க்கு நேரா நீட்டுவாக. அன்னைக்கும் போனாக. நேரா செவனம்மாகிட்டப் போயி, “சொல்லும்மா, நடந்தா என்ன செய்வ?”ன்னு மைக்க நீட்டுனாக. அவ அவுகளப் பாத்தா. மைக்கப் பாத்தா. பொறவு என்னையப் பாத்தா. அவ மூச்சு வாங்குறது மட்டும் எட்டுத் தெருவுக்கும் கேட்டுச்சு.

வேன்கிட்ட வச்சு மேடம், “பாத்தியா ராக்கு, எவ்வளவு ஆழமாப் போயிருக்கு! இதுதான் வெற்றி”ன்னாங்க. என்ன வெற்றியோ. எனக்கு அழுகதான் வந்துச்சு. பொறாமையாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பின்ன என்ன? மைக்செட்டுக்காரர் பொண்டாட்டி வேன்ல போறா, வாரா, ஊரெல்லாம் பேரெடுக்குறான்னு வயித்தெரிச்சல். சொந்த ஊருக்காரி ஆடுனா கை தேஞ்சா போயிரும்?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, “என்னத்தத் திருகுன?”ன்னாக. “டீவி”ன்னேன். “டீவியா”ன்னாக. அம்புட்டுதான் பேச்சு. பாட்டுப் போடல தாயி. அன்னைக்கு மொதக்கொண்டு பாட்டே போடுறதில்ல. கதவ மெதுவாச் சாத்திட்டு, “சத்தம் வரக்கூடாது”ன்னாக. வரல. நான் எப்பிடி வரவிடுவேன்? கையில இந்த ஆட்டத்துண்டுதான் இருந்துச்சு, வாயில வச்சுக்கிட்டேன். முந்தியாச்சும் ஒரு பாட்டு நீளத்துக்கு அழுதுக்குவேன். இப்ப அதுவும் போச்சு.

இந்தக் கீறலா? இது ஒண்ணுமில்ல, கடியாரம் பட்டது. கழட்ட மறந்துட்டாக.

எம் மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். போன் போட்டுச் சொன்னா, “அப்பாவ ஏம்மா கோவப்படுத்துற?”ங்குறான். கூடப் பெறந்தவன் ஒருத்தன் இருக்கான். “வாழப்போன வீடு, அனுசரிச்சுத்தான் போகணும் அக்கா”ங்குறான். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றாக. நான் எங்க போறது? போற எடமெல்லாம் அவுக மைக்செட்டுதான் பாடுது.

சரி, அதோட விட்டாளுகளான்னு கேளு. கைதட்டாதவளுக, அதுக்கப்பறம் என் உசுர எடுக்குறாளுக தாயி. முந்தியெல்லாம் எங்க வாசல ஒருத்தி எட்டிப் பாக்கமாட்டா. இப்ப எந்நேரமும் வரத்துதான். அவுக கதவச் சாத்துனாப் போதும், கொஞ்ச நேரத்துல, “மதினி!”ன்னு ஒரு தட்டு. “மதினி, உப்பு இருக்கா?” “மதினி, மல்லித்தூளு ஒரு கரண்டி குடேன்.” “மதினி, உங்க வீட்டுக் கடியாரத்துல மணி என்ன?” பக்கத்து வீட்டுக் குருவம்மா கையில செல்போன வச்சுக்கிட்டு வந்து மணி கேக்குறா! தெருக்கோடி மூக்கம்மாக்கா வந்து, “பேத்திக்குக் காய்ச்சலு, ஒங்க வீட்டுக்காரர ஒரு பிடி துன்னூறு போடச் சொல்லு”ங்குறாக. எங்க வீட்டுக்காரவுக என்னைக்குத் துன்னூறு போட்டாக?

வந்தவ வாங்குனோம் போனோம்னு போறாளா? அதுவும் கெடையாது. நடுவீட்டுல சம்மணங்கூட்டி உக்காந்துக்குவா. கரண்டு போனது, கோழி முட்ட வச்சதுன்னு பேச்சா வளப்பா. அவுக பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பாக, சன்னல்ல இருக்க கடியாரத்த எடுத்து மறுபடி கட்டிக்கிட்டு வெளிய போயிருவாக. அவுக தலை தெருமுக்குத் திரும்புனதும் இவளும் எந்திரிச்சிருவா. கேட்ட உப்பக்கூட மறந்து வச்சிட்டுப் போயிருவா, கூறுகெட்டவ.

எல்லாத்துக்கும் மேல அந்தச் செவனம்மா. அவ புருசன் மளிகக்கட வச்சிருக்கான் தாயி! மூட்டை மூட்டையா உப்பு அடுக்கியிருக்கு. கடைக்காரி எங்கிட்ட வந்து உப்பு கேக்குறா, பாத்துக்க அநியாயத்த. முந்தாநாளு அவுக கதவத் தொறக்கல. “அவ தூங்குறா, போ”ன்னு உள்ள இருந்தே சொன்னாக. “பரவால்லண்ணே, எந்திரிக்கட்டும், நான் இங்கனயே உக்காந்திருக்கேன்”னு வாசப்படியில உக்காந்துட்டா. கூடவே குருவம்மாவும் வந்து உக்காந்து, ரெண்டு பேருமா மொச்ச உரிச்சாளுக. எங்க வாசல்ல! அவுகளால உள்ளயும் இருக்க முடியல, வெளியயும் போக முடியல.

அதுக்குத்தான் அவுக சொன்னாக, “ஒன் ஆட்டத்தால வீடு சத்திரமாப் போச்சு. கொண்டுபோயி எறிஞ்சிட்டு வா. ஆட்டம் நின்னா இவளுக வரத்தும் தன்னால நின்னுரும்”னு. சாயங்காலம் மேடத்துக்குப் போன் போட்டுக் கேப்பாகளாம், நான் கால்வலின்னுதான் சொன்னேனான்னு. அதான் கெளம்பி வந்துட்டேன். பையக் குடுத்துறலாம், அது ஒண்ணும் இல்ல. மேடம் என் மூஞ்சியப் பாத்து, “நெசமாவே கால்வலிதானா ராக்கு?”ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டாங்கன்னா என்ன செய்வேன்னுதான் பயமா இருக்கு.

என்ன கேட்ட? 

அவளுக்கு எதுக்கு உப்புன்னா? அதத்தான நானும் கேக்குறேன். கடையில...

இல்ல, நீ என்ன சொல்ற? உப்புக்கு வரலையா? பின்ன எதுக்கு வாராளுக, வேலவெட்டி இல்லாமயா? வயக்காட்டு வேலைய விட்டுட்டு, புள்ளகுட்டிய விட்டுட்டு, மாத்தி மாத்தி...

மாத்தி மாத்தித்தான் வாராளுக. இன்னைக்கு வந்தவ நாளைக்கு வாறதில்ல, வேறொருத்தி வாரா.

அட ஆத்தாடி.

இரு தாயி, இரு. அப்ப அன்னைக்கு அவளுக கைதட்டாம உக்காந்திருந்தது பொறாமையில இல்லையா? கேவலமா நெனச்சுப்புட்டேனே. குழாயடியில அவளுகளோட ஒரு வார்த்த பேசாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல வந்தேன். மூதேவிகளா, வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? சொல்லமாட்டாளுக. நான் “புதுப் பாக்ஸு”ன்னு சொன்னவதான, எங்கிட்ட என்னத்தச் சொல்லுவாளுக.

தண்ணி இருக்கா ஒங்கிட்ட? குடு.

போனு. அவுகதான். சத்தங்காட்டாத.

“சொல்லுங்க... ஆமாங்க. எறங்கிட்டேன்... ஆபீஸ்லருந்துதாங்க. குடுத்துட்டேன். வேட்டி, சலங்க, எல்லாம் எண்ணி வாங்கிக்கிட்டாங்க... கால்வலின்னுதாங்க சொன்னேன். ஒண்ணும் கேக்கல... பஸ் சத்தமா? ரோட்டு மேலதாங்க ஆபீஸு... சரிங்க. வந்துர்றேன். சரிங்க.”

என்னைய ஏன் அப்பிடிப் பாக்குற? நான் இப்ப என்ன சொன்னேன்? குடுத்துட்டேன்னா சொன்னேன்? ஐயோ, பை மடியிலல்ல இருக்கு. அந்த டீவிய விட்டா, இத்தன வருசத்துல அவுககிட்ட ஒரு பொய் சொன்னவ இல்ல தாயி நான். நாக்குத் தன்னாலப் போயிருச்சு.

இல்ல கண்டக்டரண்ணே, கோர்ட்டு ஸ்டாப்புல யாரும் எறங்கல. போங்க. ஆமா, ஆபீஸுக்குப் போகன்னு கோர்ட்டு ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன். எறங்கல. பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வாரேன், மேக்கொண்டு டிக்கெட்டு போட்டுக்கங்க.

பஸ்ஸ்டாண்டுல எறங்கி அடுத்த வண்டியப் புடிச்சு ஊருக்கே போயிருவேன். பையச் செவனம்மா கடையில உப்பு மூட்டைக்குப் பின்னால வச்சுறலாம். மாட்டேன்னா சொல்லுவா? சாயங்காலம் அவுக மேடத்துக்குப் போன் போடுவாக. தெரிஞ்சிரும். தெரியாம இருக்காது. தெரிஞ்சதும் கதவச் சாத்துவாக.

நேத்து மூக்கம்மாக்கா வந்தாக. முந்தாநாளு செவனம்மாவும் குருவம்மாவும். இன்னைக்கு யாரு முறைன்னு தெரியலையே தாயி. எவ வந்தாலும் சரி, அவுக “தூங்குறா”ன்னு சொல்றதுக்கு முன்னால நான் வாயத் தொறந்துறணும். “உள்ள வாடி”ன்னு ஒரு சத்தம் குடுத்துறணும். அந்த ஒரு சத்தந்தான். வந்துரும்ல? எனக்குத்தான் கட்டக்குரலாச்சே, தெரு பூராக் கேக்கும்ல?